வெள்ளி மதியம் முடிவு, சனிக்கிழமை வெந்நீர்: பாடன்-பாடனா, கார்லோவி வாரியா, பாத்தா?

ஐரோப்பாவின் பழைய வெந்நீரூற்று ஊர்களில் 11 ஊர்களை 2021-இல் யுனெஸ்கோ ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பதினொன்றில் அதிகம் அடிபடும் பெயர்கள் மூன்று: ஜெர்மனியின் பாடன்-பாடன், செக் நாட்டின் கார்லோவி வாரி, இங்கிலாந்தின் பாத். மூன்றிலும் தூண் மண்டபங்கள், பூங்கா, பழைய ஹோட்டல்கள், கேக் கடைகள் உண்டு. எது அழகு என்று அலசுவதில் பயனில்லை. படத்தைப் பார்த்தாலே அவரவருக்குத் தெரிந்துவிடும்.

திடீர்ப் பயணம் என்றால் கணக்கே வேறு. வெள்ளிக்கிழமை மதியம் வானிலையைப் பார்த்துவிட்டு ‘கிளம்பலாமா’ என்று கேட்டு, தோளில் ஒரு பையோடு புறப்படுபவருக்கு எந்த ஊர் கைகொடுக்கும்? என் ஓட்டு பாடன்-பாடனுக்குத்தான். விலையில் அது கார்லோவி வாரியிடம் தோற்கும், சுற்றிப் பார்க்கும் பழமையில் பாத்திடம் தோற்கும். ஆனால் போன கையோடு தண்ணீரில் இறங்க முடியுமா என்ற ஒரு கேள்வி இருக்கிறதே, அதில் மற்ற இரண்டும் தடுமாறுகின்றன. வெந்நீர் ஊருக்குப் போய்விட்டு நனையாமல் திரும்புகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

பாத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முதல் தடை விசா. ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை விட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடு ஒன்றில் குடியிருப்பு அட்டையோடு இருக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு பாடன்-பாடனும் கார்லோவி வாரியும் திறந்த கதவு. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். லண்டனில் இருப்பவர்களுக்கு இதுவே தலைகீழ். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வராதவர்களுக்கு இந்த மூன்றில் திடீரென்று கிளம்பக்கூடிய ஒரே ஊர் பாத்தான். லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. முன்கூட்டி வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் ரயில் டிக்கெட், அன்றைக்கே வாங்கினால் எகிறிவிடும்.

அங்கே நடக்கும் பெரிய ஏமாற்றம், ரோமன் குளத்தில் குளிக்கலாம் என்று நம்பிப் போவது. அது அருங்காட்சியகம். பச்சையாகத் தெரியும் அந்தத் தண்ணீரில் கைவைக்கவே கூடாது. 1978-இல் ஊற்று நீரிலிருந்த அமீபா தொற்றி ஒரு சிறுமி இறந்ததும் குளியல் நிறுத்தப்பட்டது. பெயரிலேயே குளியலை வைத்திருக்கும் ஊரில் 2006 வரை பொதுமக்கள் அந்த வெந்நீரில் இறங்க வழியே இல்லை. 2006-இல் திறந்த தெர்மே பாத் ஸ்பாவில் மொட்டைமாடிக் குளம் உண்டு, சுற்றிலும் ஊரின் கூரைகள் தெரியும், அருமையான இடம். ஆனால் பொதுச் சீட்டு 2 மணி நேரத்துக்குத்தான், 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, சனிக்கிழமை என்றால் நெரிசல். ஊரில் இருக்கும் ஒரே பொது வெந்நீர்க் குளியல் அதுதான் என்பதால், அங்கே இடமில்லை என்றால் மாற்று வழியும் இல்லை.

கார்லோவி வாரியின் சிக்கல் வேறு மாதிரி. அது குளிக்கிற ஊர் என்பதைவிடக் குடிக்கிற ஊர். பிராகின் ஃப்ளோரன்ஸ் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டே கால் மணி நேரம் போல ஆகும். ரயில் சுற்றிக்கொண்டு போவதால் பேருந்துதான் சரி. இறங்கி ஆற்றோரமாக நடந்தால் மண்டபத்துக்கு மண்டபம் குழாய்களில் வெந்நீர் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும். 1881-இல் கட்டி முடித்த மில் மண்டபத்தில் மட்டும் 124 தூண்களுக்கு நடுவே ஐந்து ஊற்றுகள். எல்லாவற்றுக்கும் தாயான வ்ரீட்லோ 72 டிகிரி சூட்டில் பீறிட்டு, ஆளுயரத்தைத் தாண்டி 12 மீட்டர் வரை எழும்பும்.

குடிப்பதற்கென்றே ஒரு பீங்கான் குவளை விற்கிறார்கள். கைப்பிடியே குழல்; அதன் முனையில் வாய்வைத்து உறிஞ்ச வேண்டும். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும் காரணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். நீர் அந்தக் குழலில் மெல்ல ஏறி வருவதற்குள் கொஞ்சம் ஆறும், தாது உப்பு பல்லில் நேராகப் படாமல் நாக்குக்குப் போகும். நின்று மடக்மடக்கென்று குடிக்கக் கூடாது. நடந்துகொண்டே ஒவ்வொரு வாயாக, வெறும் வயிற்றில். சூடு குறைந்த ஊற்றுகள் வயிற்றை இளக்கும், சூடு கூடியவை சாந்தப்படுத்தும் என்பது அந்த ஊர்க் கணக்கு. ஊற்றுக்கு ஊற்று ‘இதையும் பார்ப்போமே’ என்று நாலைந்து குவளை இறக்கிவிட்டு பிராக் பேருந்தில் ஏறி உட்காருவது போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அந்த நீரில் இருப்பது கிளாபர் உப்பு, பேதிக்குக் கொடுக்கிற அதே சரக்கு.

குளியலுக்கு வருவோம். அங்கே வெந்நீர்த் தொட்டி, கரியமில வாயுக் குளியல், சேற்றுப் பற்று எல்லாம் பெரும்பாலும் ஹோட்டல்களுக்குள் நடக்கும் சிகிச்சைகள். மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்து, மணி குறித்துத் தருவார்கள். இரண்டு, மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்களுக்காக உருவான ஏற்பாடு அது. சனிக்கிழமை மதியம் வந்து நிற்பவருக்கு வரவேற்பு மேசையில் கிடைக்கும் பதில், ‘திங்கள் காலை பத்தரைக்கு ஓர் இடம் இருக்கிறது.’ விதிவிலக்கும் உண்டு. ஹோட்டல் தெர்மால் என்ற அந்த ராட்சசக் கான்கிரீட் கட்டடத்துக்கு மேலே, பாறை விளிம்பில் இருக்கும் திறந்தவெளிக் குளத்துக்குத் தனியாக டிக்கெட் எடுத்துப் போகலாம். காட்சி அபாரம். இருந்தாலும் ஒரு ஊரின் குளியல் வாய்ப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு குளங்களை நம்பியிருப்பது கிட்டத்தட்ட பாத்தின் கதைதான். ஜூலைத் தொடக்கத்தில் திரைப்பட விழா நடக்கும் நாட்களில் அறையே கிடைக்காது. மூன்று வாரச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குறை எதுவும் பொருந்தாது. அந்தக் கணக்கில் கார்லோவி வாரி முந்தக்கூடும். நான் சொல்வது இரண்டு நாள் பயணத்துக்கு மட்டும்.

இனி பாடன்-பாடன். பாடன் என்றாலே ஜெர்மன் மொழியில் குளிப்பது என்றுதான் பொருள். 1931-இல் இந்த இரட்டைப் பெயர் அதிகாரபூர்வமானது. பன்னிரண்டு ஊற்றுகள், அதிகபட்சச் சூடு 68 டிகிரி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர். இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இரண்டு பெரிய குளியல் கூடங்கள் ஒன்றுக்கொன்று சில நிமிட நடை தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் கூட்டம் என்றால் இன்னொன்று. திடீர்ப் பயணிக்கு இதுதான் காப்பீடு.

கராகல்லா தெர்மே, 1985-இல் திறந்தது. உள்ளேயும் வெளியேயும் குளங்கள், நீச்சல் உடையோடுதான். மருத்துவர் சீட்டு, சிகிச்சை நேரம் எதுவும் வேண்டாம். நேரத்துக்கேற்ற டிக்கெட் எடுத்தால் மணிக்கட்டில் சிப் பட்டை. அதுவே கதவு, லாக்கர், கணக்கு எல்லாம். வாங்கிய நேரத்தைத் தாண்டினால் வெளியேறும்போது கூடுதல் காசு. உடை மாற்றுவதும் தலை காய வைப்பதும் அந்த நேரத்துக்குள்தான் என்பதை மறந்து குறைந்த நேர டிக்கெட் எடுப்பவர்கள்தான் கடைசியில் ஓடுகிறார்கள். குறைந்தது 3 மணி நேரம் எடுங்கள். ஏழு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பருத்திச் சட்டையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டும் போகாதீர்கள். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பது அங்கே கட்டாயம். மாடியில் இருக்கும் சவுனா பகுதி ஆடையில்லாப் பகுதி. படியேறும் முன் பலகையைப் பாருங்கள், நீச்சல் உடையோடு ஏறிப்போய் முழிப்பவர்களை வாரந்தோறும் பார்க்கலாம்.

ஃபிரீட்ரிக்ஸ்பாட், 1877. ஆடை கிடையாது. நம்மவர்களில் பாதிப்பேர் இந்த வரியோடு நின்றுவிடுவார்கள், அதில் தப்பில்லை; அவர்களுக்குக் கராகல்லா இருக்கிறது. துணிந்தவர்கள் டிக்கெட் வாங்குமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்கு ஆண், பெண் சேர்ந்தா, தனித்தனியா? 17 நிலைகள், வரிசை மாறாமல். ரோமானியரின் சூடான காற்றறையையும், அயர்லாந்து மருத்துவர் ரிச்சர்ட் பார்ட்டர் 19-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்த முறையையும் சேர்த்துக் கோத்தது என்பதால் ‘ரோமன்-ஐரிஷ்’ குளியல் என்று பெயர்.

முதலில் ஷவர். பிறகு 54 டிகிரி உலர்ந்த காற்றறையில் மரக்கட்டிலில் துணி விரித்துக் கால்மணி நேரம். அடுத்து 68 டிகிரி அறையில் ஐந்து நிமிடம்; தரை ஓடு சுடும், அங்கே தரும் செருப்பைக் கழற்றாதீர்கள். பிறகு, அதற்கென டிக்கெட் எடுத்தவர்களுக்கு, கெட்டித் தூரிகையும் சோப்பு நுரையுமாக முதுகிலிருந்து பாதம் வரை தேய்த்துவிடும் பணியாளர். அடுத்து 45, 48 டிகிரி நீராவி அறைகள். அதற்கப்புறம்தான் குளங்கள்: 36, 34, பிறகு குவிமாடத்துக்குக் கீழே 28. கடைசியில் 18 டிகிரித் தண்ணீரில் ஒரு முங்கு.

படிப்படியாக ஏற்றி, படிப்படியாக இறக்குவதுதான் இதன் சூட்சுமம். 68-லிருந்து நேராக 18-க்குத் தாவினால் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி ரத்த அழுத்தம் எகிறும். நடுவில் குளங்கள் இருப்பது அதைத் தடுக்கத்தான். ‘36 சுகமாக இருக்கிறதே’ என்று அங்கேயே அரைமணி நேரம் ஊறினால் எழுந்ததும் தலை சுற்றும். ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை நிமிடம் என்று சுவரில் போட்டிருப்பார்கள், அதன்படியே நடங்கள். முடித்ததும் போர்வை சுற்றி அரைமணி நேரம் படுக்க வைப்பார்கள். அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இங்கே அதிகம் பேர் மறப்பது நகை. மூக்குத்தி பரவாயில்லை. தாலிக்கொடி, தடித்த சங்கிலி, வளையல் எல்லாம் அந்தக் காற்றறையில் சூடேறித் தோலைச் சுடும். கிளம்பும்போதே வீட்டில் வைத்துவிடுவது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், பட்டினியாகவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பு ரொட்டி, பழம் போதும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், இதய நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சுற்றில் இறங்கவே வேண்டாம்.

போய்ச் சேரும் வழியில் சறுக்கும் இடம் ஒன்றுதான்: ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. ஓஸ் பகுதியில், மையத்திலிருந்து நாலைந்து கி.மீ. தள்ளி இருக்கிறது. வாசலிலேயே 201-ஆம் எண் பேருந்து, லியோபோல்ட்ஸ்பிளாட்ஸில் இறங்கினால் குளியல் கூடங்கள் நடை தூரம். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து வேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், சுவிஸின் பாசலிலிருந்தும் அதே அளவு. பாரிஸ்காரர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் மாறலாம். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃபிரைபர்க் பக்கம் இருப்பவர்கள் பாடன்-வூர்ட்டம்பெர்க் நாள் டிக்கெட்டை மறக்க வேண்டாம். வட்டார ரயில்களில் ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், வார இறுதியில் காலை 9 மணிக் கட்டுப்பாடும் கிடையாது. வேக ரயிலில் அது செல்லாது. அந்தப் பாதையில் தண்டவாள வேலை அடிக்கடி நடப்பதால் கிளம்புமுன் ரயில் செயலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை வாடகை கார்லோவி வாரியைவிடக் கூடத்தான் ஆகும், சந்தேகமில்லை. அதோடு ஆளுக்கு இரவுக்குச் சில யூரோ ஊர் வரி. கார்ல்ஸ்ரூ ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். அங்கே தங்கிக்கொண்டு குளிக்க மட்டும் வருவது கையைக் கடிக்காத வழி. பக்கத்து இஃபெட்ஸ்ஹைமில் குதிரைப் பந்தய வாரம் நடக்கும் ஆகஸ்ட் கடைசியில் மட்டும் இந்த உத்தியும் சிரமம்தான்.

குளியலைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும் என்பதால் துண்டு, செருப்பு, நீச்சல் உடை எது விட்டுப்போனாலும் ஊர்க் கடைகளில் வாங்குவது சிரமம். ஞாயிறு காலைக்கு ஆற்றோரப் பூங்காச்சாலையான லிஷ்டென்டாலர் அல்லே போதும். கால் தாங்கினால் மலை ரயிலேறி 668 மீட்டர் உயர மெர்க்கூர். ஈர உடைக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.