ரம்பத்துக்குத் தப்பிய பீப்பாய்கள்: இரண்டு குடும்பங்களின் பரோலோ

இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்தில் பரோலோ என்ற ஊரும் லா மோராவும் பக்கத்துப் பக்கத்துக் குன்றுகள். இரண்டிலும் நெபியோலோ திராட்சைதான், அதிலிருந்து செய்யும் சிவப்பு ஒயினுக்கும் பரோலோ என்றே பெயர். பரோலோ என்று பெயர் போட வேண்டுமானால் ஒயின் 38 மாதங்களாவது முதிர வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்ற சட்டமும் இரண்டு ஊருக்கும் பொது. ஆனாலும் பரோலோ ஊரின் பார்த்தோலோ மஸ்கரெல்லோ குடும்பமும் லா மோராவின் எலியோ அல்தாரே குடும்பமும் தருவது ஒரே சுவையை அல்ல.

நெபியோலோ லேசுப்பட்ட பழம் அல்ல. நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ மாதுளைத் தோலைக் கடித்ததுபோல் நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பை என்ன செய்வது என்பதில்தான் வழக்கே. பிரான்ஸின் ஒயின் நாடான பர்கண்டிக்குப் போய்ப் பார்த்து வந்த எலியோ, சாற்றில் தோல் ஊறும் காலத்தைச் சில நாட்களாகச் சுருக்கினார். 225 லிட்டர் பிடிக்கும் பாரிக் என்ற சிறு பீப்பாய்களுக்கு மாறினார். 1983இல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா மன்னிக்கவில்லை, சொத்தில் மகனுக்குப் பங்கில்லை என்று எழுதிவிட்டார். அவர் இறந்த பிறகு உடன்பிறந்தவர்களிடம் விலை கொடுத்துத்தான் எலியோ நிலத்தைப் பெற்றார்.

மஸ்கரெல்லோ வீட்டில் எதுவும் அறுபடவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ தோலோடு ஊறல், பிறகு பெரிய பழைய ஓக் பீப்பாய். "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று பார்த்தோலோ தம் கையாலேயே லேபிள் வரைந்தார். பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்த அரசியல்வாதி. பிடிவாதம்தான், ஆனால் நகைச்சுவை உள்ள பிடிவாதம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வேறுபாடு. அல்தாரே குடும்பம் தன் ஆர்போரினா தோட்டத்து ஒயினைத் தனிப் புட்டியாகவே தருகிறது. மஸ்கரெல்லோவோ கன்னூபி, சான் லொரென்ஸோ, ருவே, ரோக்கே என்ற நான்கு நிலங்களின் பழத்தையும் கலந்து ஒரே பரோலோ செய்கிறது. ஆலங்கட்டி மழை ஒரு சரிவை அடித்தாலும் மற்றவை கைகொடுக்கும் என்பது பழைய விவசாயிகளின் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த ரோக்கே நிலம் இருப்பது லா மோராவில், அல்தாரே குடும்பம் வாழும் அனுன்சியாத்தா குக்கிராமத்துப் பக்கம்தான்.

ஓக் மணம் பிடிக்குமா, புட்டியைச் சீக்கிரம் திறக்க வேண்டுமா? அல்தாரே வாங்கலாம். என் ஓட்டு மஸ்கரெல்லோவுக்கு. ரோஜாவும் சாலைத் தாரும் கலந்த நெபியோலோவின் மணத்தை மறைக்க அதில் எதுவும் இல்லை. பத்து ஆண்டாவது பொறுக்க வேண்டும், விலையும் எட்டாத உயரம். இப்போது பார்த்தோலோவின் மகள் மரியா தெரேசா நடத்தும் அதே நிலவறையிலிருந்து டோல்செட்டோ என்ற வேறு திராட்சையின் ஒயினும் வருகிறது. விலை குறைவு, அதற்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.