பல பூனைகள் உள்ள வீட்டுக்கு எந்த மணல்? பெண்டோனைட்டும் பொள்ளாச்சி நார்க்கழிவும்: ஓர் ஒப்பீடு

நான்கு பூனைகள் உள்ள வீட்டில், அவை மலமும் சிறுநீரும் கழிக்கும் மணல்தொட்டிகள் ஒரு நாளில் பத்து முறையாவது நனையும். வீட்டுப்பூனை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழியில் வந்தது. குறைந்த நீரில் உயிர்வாழப் பழகிய அதன் சிறுநீரகங்கள் சிறுநீரை மிகவும் செறிவாக்கியே வெளியேற்றுகின்றன. வெளிவந்த சமயத்தில் அதில் அவ்வளவு வாடை இருப்பதில்லை. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அமோனியாவாக மாற்றும்போதுதான் கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்புகிறது. ஆகவே ஒரு மணலை எடைபோட நான் வைத்திருக்கும் முதல் கேள்வி இதுதான்: அன்றைய சிறுநீரை அன்றே அள்ளி வீட்டுக்கு வெளியே கொண்டுபோக அது இடம் தருகிறதா?

கோவை சுந்தராபுரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் நான்கு பூனைகளுடன் வசிக்கிறோம். கடந்த மூன்று ஆண்டுகளில் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வகைகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன் என்றாலும், எங்கள் பகுதியைப் பொறுத்தவரை உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, கட்டியாகும் பெண்டோனைட் களிமண். மற்றொன்று, பொள்ளாச்சி, நெகமம், ஆனைமலைப் பக்கத்து மஞ்சி மில்களில் மலைபோலக் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்க்கழிவு, அதாவது கோகோபீட்.

விலையில் நார்க்கழிவுக்கு ஈடு இல்லை. பெண்டோனைட் ராஜஸ்தானின் பார்மேரிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் வெட்டியெடுக்கப்படும் களிமண். அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பையின் விலையில் வண்டிக்கூலியும் ஏறிவிடுகிறது. நார்க்கழிவோ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் விளைகிற பொருள். நெகமத்தில் ஒரு மில்லில் முதன்முறையாக 5 கிலோ கட்டிகள் நான்கு வாங்கியபோது, "செடிக்குங்களா அக்கா?" என்று கேட்டார்கள். பூனைக்கு என்றதும் வியந்தாலும், கழுவிய கட்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது நல்ல அறிவுரை. கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். பூனை பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் உயிரினம் என்பதால் கழுவிக் காயவைத்ததையே பயன்படுத்த வேண்டும்.

நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் இயல்பு இலேசான அமிலத்தன்மை என்பதால், உருவாகும் அமோனியாவின் ஒரு பகுதி வாயுவாக எழாமல் அதிலேயே தங்கிவிடுகிறது. முதல் இரண்டு நாட்களுக்கு வீட்டில் ஈரமண் வாசம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எனக்கு அப்போது இருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மூன்றாம் நாள் மாலை தொட்டியைக் கிளறியபோது, அடியில் தேங்கியிருந்த நெடி மொத்தமாக எழுந்தது. காரணம் எளியது. நார்க்கழிவு கட்டியாகாது, மலத்தை அள்ளிவிடலாம், சிறுநீரை அள்ள முடியாது. அது தூள் முழுவதும் பரவி அங்கேயே கிடக்கும். ஒரே பூனை என்றால் நான்கைந்து நாள் தாங்கும் தொட்டி, நான்கு பூனைகளுக்கு இரண்டரை நாளில் நிறைந்துவிடுகிறது. அதன்பிறகு முழுத் தொட்டியையும் கொட்டிக் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிரப்ப வேண்டும். ஐந்து தொட்டிகளுக்கு இதை வாரம் இரண்டு மூன்று முறை செய்தபோது, மலிவாக வாங்கிய பொருளுக்கு என் உழைப்பாலும் தண்ணீராலும் விலை கொடுப்பதை உணர்ந்தேன். கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தெருவில் இது சிறிய விஷயமன்று. இதோடு, ஈரத்தூள் பாதங்களில் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தரையெங்கும் பழுப்புக் கறை வைக்கும். ஐப்பசி மழையில் சரியாகக் காயாத தூளில் பூஞ்சணம் பிடிக்கும்.

பெண்டோனைட்டின் பலம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சோடியம் பெண்டோனைட் ஈரம் பட்டதும் உப்பிப் பசைபோல் இறுகி, சிறுநீர் விழுந்த இடத்திலேயே உருண்டையாகிறது. காலையிலும் இரவிலும் சல்லடைக் கரண்டியால் அந்த உருண்டைகளை அள்ளிவிட்டால், நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குவதற்குள் சிறுநீர் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. எஞ்சிய மணல் அநேகமாக உலர்ந்தே இருக்கும். குறைந்தது இரண்டரை அங்குல ஆழத்துக்கு நிரப்பினால்தான் உருண்டை அடியில் ஒட்டாமல் முழுதாக வரும். சிக்கனம் கருதி மெலிதாகப் பரப்பினால் சிறுநீர் பிளாஸ்டிக்கைத் தொட்டுச் சேறாகிவிடும், அப்போது நார்க்கழிவைவிட மோசமான நாற்றம் வரும். நேர்த்தியான மணல் போன்ற பொருளையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன என்பதும் இதற்குச் சாதகம். எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் முதல் நாளே ஏற்றுக்கொண்டன.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொட்டும்போது தூசி பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் தூசி குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்து, முகக்கவசத்துடன் நிரப்புவது நல்லது. மூன்று நான்கு மாதம் ஆகாத குட்டிகள் எதையும் வாயில் வைக்கும் என்பதால், வயிற்றுக்குள் உப்பக்கூடிய இந்த மணலை அவற்றுக்கு வைக்கக் கூடாது; அந்தப் பருவத்துக்கு நார்க்கழிவோ காகிதத் துண்டோ பாதுகாப்பானது. கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு மாதம் ஏறத்தாழ 25 கிலோ செலவாகிறது; அதை மாடிக்குத் தூக்கிச் செல்வதும், அவ்வளவையும் குப்பையில் சேர்ப்பதும் மனத்துக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நார்க்கழிவை ஆதரிப்பவர்கள், அது மக்கி எருவாகும் என்பார்கள். தூள் மக்கும் என்பது சரி. ஆனால் பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும். அவை மண்ணில் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். கத்தரிக்கும் தக்காளிக்கும் அந்த எருவைப் போடவே கூடாது. அந்த முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும் என்பதால், தினமும் அள்ளுவது வாடைக்கு மட்டுமல்லாமல் உடல்நலத்துக்கும் காவல். கருவுற்ற பெண்கள் இந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். சிலிக்கா ஜெல் ஒற்றைப் பூனைக்கு அருமையானது. நான்கு பூனைகளுக்கு அதன் கொள்ளளவு விரைவில் முடிந்து, மணிகள் மஞ்சளாகி, நெடி திரும்பிவிடுகிறது. சோயா சக்கையில் செய்யும் டோஃபு மணல் தூசியற்றது, இலேசானது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு எறும்பு வந்தது. ஆற்றுமணல் கட்டியாகாது, எம்-சாண்ட் கூர்மையானது, பாதத்துக்கு உகந்ததன்று. வாசனை சேர்த்த எந்த மணலையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மல்லிகை வாசம் நமக்காகச் சேர்க்கப்பட்டது; பூனையின் மூக்கு அதைத் தாங்காமல் தொட்டியையே ஒதுக்கிவிட்டுச் சோபாவைத் தேடிப்போகும்.

மணலுக்கு அடுத்து, மூடிய தொட்டியா திறந்த தொட்டியா என்பது. மூடி நம் மூக்கைத்தான் காக்கிறது. உள்ளே நெடி தேங்குவதால் பூனைக்குத் தண்டனையாகிறது. அதைவிட முக்கியமானது, பல பூனைகள் உள்ள வீட்டில் ஒன்று மற்றொன்றை வழிமறிக்கும் வழக்கம். ஒரே வாசல் உள்ள தொட்டிக்குள் போன பூனைக்குத் தப்ப வழியில்லை. எங்கள் இளைய பெண்பூனை படுக்கையறை மூலையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியதற்கு நான் மணலைத்தான் குறைசொன்னேன். மூடியைக் கழற்றிய வாரமே அது தொட்டிக்குத் திரும்பியது. இப்போது மூடியில்லாத அகலமான பெட்டிகளையே வைக்கிறேன். பூனையின் உடல் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் அது தாராளமாகத் திரும்பலாம்.

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டித் தொட்டி வைக்க வேண்டும் என்பது பொது விதி. ஐந்தையும் ஒரே சுவரோரம் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடந்தான். வெவ்வேறு மூலைகளில் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் ஊர் இது. மேற்குச் சன்னலோரம் இருந்த தொட்டியின் வாடை அந்த மாதங்களில் வீடு முழுவதும் வந்தது. கிழக்குப் பக்கம், பொடக்காலி (வீட்டின் பின்புறம்) கதவருகே மாற்றியபின் காற்றே அதை வெளியே தள்ளிவிடுகிறது.

தரை துடைப்பதில் ஒரு தேர்வு உயிர் சம்பந்தப்பட்டது. நம் வீடுகளில் நாற்றம் என்றதும் கை பினாயிலைத் தேடும். அதில் இருக்கக்கூடிய பீனால் வகைப் பொருட்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சாகலாம். பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு உண்டாகும். தொட்டிக்கு வெளியே சிந்திய இடத்துக்கு, யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் என்சைம் திரவமே சரி; சோப்பு நீர் அன்றைக்குப் போக்கினாலும் மழைநாளின் ஈரத்தில் அதே வாடை மீண்டும் கிளம்பும். தொட்டிகளுக்கு மணமில்லாத சோப்பும் வெந்நீரும் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பூனை தொட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தால் அதன் உடலைப் பார்க்க வேண்டும். குறிப்பாக ஆண்பூனை அடிக்கடி தொட்டியில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அடைப்பாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். சுவரில் பீய்ச்சும் ஆண்பூனைக்கு எந்த மணலும் தீர்வாகாது. கருத்தடை செய்தால் அந்தக் கடும் நெடியும், பெரும்பாலான ஆண்பூனைகளில் பீய்ச்சும் பழக்கமும் குறைந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் நான்கு தொட்டிகளில் பெண்டோனைட் இருக்கிறது. பழைய மணலில் கால்பங்கு புதியதைக் கலந்து, பத்து நாட்களில் படிப்படியாக மாற்றினேன். பன்னிரண்டு வயதான மூத்த பூனை மட்டும் நார்க்கழிவை விடவில்லை. ஐந்தாவது தொட்டி அதற்காகப் பொடக்காலியோரம் அப்படியே இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அதை முழுவதுமாகக் கொட்டிக் கழுவி, புதுத்தூள் நிரப்பி வைக்கிறேன்.