பல்பு வார்னிங் போகலையா: ரெசிஸ்டரா, சாதா பல்பா?

டர்பன்ல நெறைய பேரு கேக்குறது இதுதான், பின்னால எல்இடி மாட்டியாச்சு, லைட்டு பளிச்சுன்னு எரியுது, ஆனா டாஷ்ல பல்பு வார்னிங் போக மாட்டேங்குது. வண்டி பாக்குறது வெளிச்சத்த இல்ல, கரெண்ட. 21 வாட் பிரேக் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்ப் இழுக்கும், எல்இடி அதுல கொஞ்சந்தான் இழுக்குது, அதான் பல்பு போச்சுன்னு நெனச்சுக்குது. இதுக்கு ரெண்டு வழி: எல்இடி கூடவே பக்கத்துல ஒரு ரெசிஸ்டர் (கொறையுற கரெண்ட இழுத்து சூடாக்கிடுற சின்ன பாகம்) போடலாம், இல்ல பழையபடி சாதா பல்பே மாட்டிடலாம்.

செலவு: ரெசிஸ்டர்னா வயரிங் கூலியும் சேரும். சாதா பல்பு மலிவு, நாமளே மாட்டிடலாம்.

சூடு: 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்ல 24 வாட் கக்கும், ரோபோல (டிராஃபிக் சிக்னல்ல) பிரேக்க அமுக்கிட்டே நின்னா கை வைக்க முடியாது, பிளாஸ்டிக்ல ஒட்டிடாதீங்க, தகட்டுல போல்ட் போடுங்க. சாதா பல்புக்கு அந்தக் கவலை இல்ல.

ஆயுசு: எல்இடிதான், சந்தேகமே வேணாம்.

வார்னிங்: இதுதான் எனக்குப் பெருசா படுது. ரெசிஸ்டர் தனியா கரெண்ட் இழுத்துக்கிட்டே இருக்கறதால நாளைக்கு எல்இடி நெஜமாவே செத்தாலும் டாஷ் வாயத் தொறக்காது, பின்னால வர்ற டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிச்சாத்தான் தெரியும்!

இண்டிகேட்டருக்கு மட்டும்னா ரெசிஸ்டர் ஓகே, விட்டு விட்டுத்தானே எரியுது. பிரேக்குக்கு சாதா பல்பே போடுங்க. அப்பவும் வார்னிங் போகலைன்னா ஹோல்டரக் கழட்டிப் பாருங்க, நம்மூரு கடல் காத்துக்கு உள்ள பச்ச புடிச்சிருக்கும், அத உரசிட்டு எர்த் வயரையும் ஒரு தடவ பாத்துடுங்க.