ஏழு மழைக்காலம் பார்த்த என் நீலத் தார்ப்பாய்

2018 ஆவணியில் வாங்கியது. பதினைந்தடிக்குப் பதினெட்டடி, 200 ஜிஎஸ்எம். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், மற்ற நாளெல்லாம் ஒரு மதில் சுவரோரம், இரண்டு இடத்திலும் என் பழைய புத்தகக் கடைக்குக் கூரை இதுதான். புதிதாகக் கடை போடுகிறவர்கள் எந்தத் தார்ப்பாய் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் வாங்கியது ஒரு ஐப்பசி கார்த்திகையைக்கூடத் தாங்கவில்லை. 120 ஜிஎஸ்எம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கிழிந்த பிறகு பழைய பேப்பர் கடைத் தராசில் போட்டுப் பார்த்தால் இரண்டேகால் கிலோ. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதுதான் ஜிஎஸ்எம். பதினைந்துக்குப் பதினெட்டு என்றால் ஏறக்குறைய 25 சதுர மீட்டர், ஆக நான் வாங்கியது வெறும் 90. இப்போதையது சரியாக ஐந்து கிலோ இருந்தது, கடையிலேயே எடை போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். அளவையும் நாடா வைத்து அளந்துவிடுங்கள், அரையடி குறைவது சாதாரணமாக நடக்கிறது.

கனம் இருந்தால் மட்டும் போதாது, கட்டுவதில்தான் பாதி ஆயுள். நடுவில் தொய்வு விட்டால் தண்ணீர் குளமாக நிற்கும். மூன்றடிக்கு மூன்றடி, மூன்று அங்குல ஆழம் நின்றாலே அறுபது லிட்டருக்கு மேல், அதாவது அறுபது கிலோவுக்கு மேல். அது ஓர வளையத்தைப் பிய்த்துக்கொண்டு நேராக அட்டைப்பெட்டியில் இறங்கும். எனக்கு ஒரு முறை இறங்கியது, ஒரு பெட்டி முழுக்க அகராதிகள். அதற்குப் பிறகு நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, முனையில் பழைய துணியைச் சுற்றி, முதுகு தூக்கிக் கட்டுகிறேன். வளையத்தில் நேரடியாகக் கயிறு கட்டாமல் சைக்கிள் டியூபை வெட்டி இடையில் போடுகிறேன். கடல் காற்று இழுக்கும்போது டியூப் நீண்டு கொடுக்கும், வளையம் தப்பிக்கும்.

ஆனால் எனக்கு ரொம்ப நாள் புரியாத விஷயம் வேறு. மழையில் நனைந்து போன புத்தகத்தைவிட, மூடி வைத்தே கெட்டுப்போன புத்தகம்தான் என்னிடம் அதிகம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த புத்தக அடுக்கை ராத்திரி இறுக்கி மூடினால், காலையில் தார்ப்பாயின் உள்பக்கம் விரலால் கோடு போடும் அளவுக்கு வேர்த்திருக்கும். பத்து நாளில் கெட்டி அட்டையின் உள்பக்கம் சாம்பல் பூக்கும், அப்புறம் அந்த வாடை போகவே போகாது. இப்போது அடுக்குக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் நான்கு செங்கல்லும் ஒரு பலகையும் வைத்து ஒரு சாண் இடைவெளி விடுகிறேன், காற்று வராத பக்கத்தில் அடியைத் திறந்தே வைக்கிறேன். செலவே இல்லாத வேலை. மூன்று வருடம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ நல்ல புத்தகங்கள் பிழைத்திருக்கும்.

நீல நிறத்தில் ஒரு குறை உண்டு. அடியில் நிற்கும்போது பக்கமெல்லாம் நீலமாகத் தெரியும், காகிதம் பழுத்திருக்கிறதா இல்லையா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. "அண்ணே, வெளியே எடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டு வெயிலில் போய் விரித்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், பார்த்து வாங்கியவர் திரும்பி வருவார்.

இந்தத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துதான் தினமும் பேப்பர் படிக்கிறேன். நாட்டுச் செய்தி எதுவானாலும் ஏதோ ஒரு வழியில் இந்தப் பலகைக்கு வந்துவிடுகிறது. 2018 டிசம்பர் 21-ஆம் தேதி எங்கள் ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் இறந்தார், ஊரே அரசு மரியாதையோடு அனுப்பி வைத்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அதுவரை அவர் பக்கமே திரும்பாதவர்கள்கூட அவர் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். இருந்த நான்கும் மதியத்துக்குள் போய்விட்டன. அவர் இருந்தபோதே அந்த நான்கும் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறியதும் தமிழ்நாட்டுப் பாடத்திட்ட கைடுகளைக் கேட்பார் குறைந்துவிட்டார்கள், மூட்டை கட்டிக் கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2020 மார்ச் 22, ஊரடங்கு ஒத்திகை மாதிரி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மடித்து வைத்த தார்ப்பாயை மாதக்கணக்கில் எடுக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வெக்கையில் கிடந்தது. விரித்தபோது மடிப்புக் கோடெல்லாம் வெளுத்திருந்தது, இன்று வரை விரிசல் வருவதெல்லாம் அந்தக் கோடுகளில்தான். மடிக்காதீர்கள், பாய் மாதிரி சுருட்டுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டில் கட்டில்மேல் அடுக்கியிருந்த புத்தகங்களைத் தார்ப்பாயால் பொட்டலமாகச் சுற்றி, வாயை மேல்பக்கம் கட்டியிருந்தேன். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தும் கட்டில்மேல் இருந்தது ஒன்றும் நனையவில்லை. கீழே வைத்திருந்த இரண்டு பெட்டியும் போச்சு. அடுத்த வாரம் ரெயின்போ நகர்க்காரர் ஒருவர் சாக்கில் நனைந்த புத்தகங்களோடு வந்து, இதை என்ன செய்யலாம் என்று கேட்டார், விற்க வரவில்லை. வழவழப்பான தாள் காய்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும், ஈரத்திலேயே பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டும். மற்றதற்கு இருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் செருகி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் விசிறிக் காற்றில். இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். அவர் அப்பா கையெழுத்து இருந்த ஒரு புத்தகத்தை மட்டும் அவர் என்னிடம் கொடுக்காமல் தானே பிரித்தார்.

அதே டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலையும் நிறுத்திவிட்டார்கள். வெளியூர் வாசகர்களுக்கு அனுப்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய அடி, புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகம் என்று சொல்ல வாய் கூசியது. 2025 மே மாதம் புத்தகம் அனுப்புவதற்கென்றே தபால் துறையின் ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பரவாயில்லை, மறுபடி அனுப்புகிறேன். கிழிந்துபோன அந்த 90 ஜிஎஸ்எம் தார்ப்பாயை வெட்டித்தான் பார்சலுக்கு உள்சுற்று போடுகிறேன், இதுவரை ஒன்றும் நனைந்து போய்ச் சேரவில்லை.

இப்போது இதன் நிலைமை: வடக்கு ஓரத்தில் இரண்டு வளையம் போய்விட்டது, நடு மடிப்பில் ஒரு முழ விரிசலை டேப் வைத்து ஒட்டியிருக்கிறேன். வெயிலுக்குப் போதும், ஐப்பசிக்குப் போதாது. அடுத்ததும் 200 ஜிஎஸ்எம்தான், ஆனால் வெள்ளை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.