ஜாய்ஸ்டிக் வீல்சேரா, மாட்டிக் கழற்றும் மோட்டாரா? 53 வயதுத் தோளின் கணக்கு

1999-ல் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் டி10-ல் (மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பு) அடிபட்டு, கால்கள் செயலிழந்தபோது எனக்கு 27 வயது. வேலூர் பாகாயத்தில்தான் பயிற்சி. டாக்டர் மேரி வர்கீஸ் தானே வீல்சேரில் இருந்துகொண்டு 1966-ல் தொடங்கிவைத்த மறுவாழ்வு மையம் அது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கக் கற்றுக்கொண்டதும் பெரிய பயில்வான் என்று நினைப்பு. தோளுக்கும் வயதாகும் என்பது அந்த வயதில் புத்தியில் ஏறவில்லை.

போன வருஷம் வலது தோள் கைவிட்டது. சட்டை மாட்டக்கூடக் கை எழும்பவில்லை. தசைநாண் கிழிந்திருக்கிறது, உருட்டுவதைக் குறையுங்கள் என்றார் டாக்டர். முன்னால் இரண்டு வழி: ஜாய்ஸ்டிக்கில் ஓட்டும் முழு பேட்டரி வீல்சேர், அல்லது இருக்கிற வீல்சேரின் முன்னால் மாட்டிக்கொள்ளும் ஒற்றைச்சக்கர மோட்டார்.

ஜாய்ஸ்டிக்கின் சுகம் தெரிந்ததுதான். விரலை அசைத்தால் போதும், வீட்டுக்குள்ளும் உருட்ட வேண்டாம். கழுத்தில் அடிபட்டு கையும் பலவீனமானவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, அதுதான் சரி. தகுதியுள்ளவர்களுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கிறது. கனம், ராம்ப், ஆட்டோவில் ஏற்ற முடியாத தொல்லை எல்லாம் எல்லோரும் சொல்வது; விடுங்கள்.

நான் எடுத்தது மோட்டார். ஐஐடி மெட்ராஸில் உருவாகி 2020-ல் வெளிவந்த நியோபோல்ட் இந்த வகைதான். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும், ஒரு சார்ஜில் பல கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். ரேஷன் கடை, பேங்க், சாயங்காலம் டீக்கடை, இவ்வளவுதான் என் உலகம், தாராளம்.

ஆனால் முடிவு செய்தது வேகமோ விலையோ இல்லை, உட்காரும் உயரம்.

தோளைத் தின்பது உருட்டல் மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். கட்டிலிலிருந்து வீல்சேர், அங்கிருந்து டாய்லெட், திரும்ப, குளிக்கும் ஸ்டூல், திரும்ப, மதியம் படுக்க, எழ, கார்... ஒரு நாளைக்கு 14 மாற்றம். 25 வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் முழு உடம்பும் தோளில். படுக்கைப்புண் வராமலிருக்க நடுநடுவே எம்பினது தனிக்கணக்கு. (இப்போது எம்புவதில்லை; முன்னால் குனிந்து தொடையில் சாய்ந்துகொள்கிறேன். புட்டத்து அழுத்தம் குறைகிறது, தோளும் பிழைக்கிறது.)

நண்பரின் பேட்டரி வீல்சேரை இரண்டு மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். டேப் வைத்து அளந்தால் மெத்தையோடு 22 அங்குலம். என் கட்டில் 19. இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவது மூன்று அங்குல மலை. உருட்டலில் மிச்சம் பிடித்ததை அந்த ஏற்றம் வட்டியோடு வாங்கிக்கொண்டது. என் வீல்சேரோ அளவெடுத்துச் செய்தது, கட்டிலுக்குச் சமம். மோட்டாரை மாட்டினாலும் கழற்றினாலும் அந்த உயரம் மாறாது. உயரத்தை ஏற்றி இறக்கும் பேட்டரி நாற்காலிகளும் உண்டு. அந்த விலை என் கைக்கு எட்டவில்லை.

இரவல் வண்டியில் இன்னொன்றும் கவனித்தேன். இரண்டே மாதத்தில் நான்கு கிலோ கூடிவிட்டேன். அதையும் தூக்க வேண்டியது அதே தோள்தானே.

மோட்டார் வாங்கி 11 மாதம் ஆகிறது. வலி பாதியாகியிருக்கிறது. மோட்டாராலா, பிசியோதெரபியாலா, எம்புவதை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. வீட்டுக்குள் இன்னும் கைதான். பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்பதும் போகப் போகத்தான் தெரியும். இடது தோளும் போய்விட்டால் ஜாய்ஸ்டிக்குக்குத்தான் மாற வேண்டியிருக்கும், மறுக்கவில்லை.

நீங்கள் எதை வாங்கினாலும் கடைக்கு ஒரு இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். மெத்தையைப் போட்டு, நீங்கள் உட்கார்ந்தபின் அளக்கச் சொல்லுங்கள், மெத்தை அமுங்கும். வீட்டு டாய்லெட் 17 அங்குலம்தான் இருந்தது. மேலே இரண்டு அங்குல சீட் போட்டுச் சமமாக்கிவிட்டேன். கார் சீட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.