மஞ்சள் அனிமோன் வாங்காதீங்க, அது சாயம்

நேத்து ராத்திரி ஷிப்ட் முடிச்சு மில்லுல இருந்து வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியோட ஹென்போன எடுத்துப் பாத்தா, என்கிட்ட அனிமோன் வித்து ஏமாத்துன அதே ஆளு அதே படத்த மறுபடியும் போட்டிருக்கான், பளிச்சுனு எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளா ஒரு கடல் சாமந்தி, அதான் அனிமோன், பூ மாதிரி இருக்குற கடல் ஜீவன், அதுக்குள்ள ரெண்டு கிளவுன் மீனு, "ஸ்டாக் வந்தாச்சு, புதுசா வளக்குறவங்களுக்கு ஏத்தது, 150 வெள்ளி"ன்னு. அதுக்குக் கீழ நம்ம தமிழ் அக்கா ஒருத்தவங்க மகனோட தொட்டிக்கு வேணும், போஸ்ட் செலவு எவ்வளவுன்னு கேட்டிருந்தாங்க. என் நம்பர அவன் எப்பயோ பிளாக் பண்ணிட்டான். வீட்டுக்காரி போன்ல இருந்து "அக்கா வாங்காதீங்க"ன்னு எழுதுனேன், ரெண்டு நிமிஷத்துல அழிச்சிட்டான். அதனால தூங்காம உக்காந்து இங்க எழுதுறேன், பொறுமையா படிங்க.

நாங்க இருக்குறது சுங்கை சிப்புட், சுத்தி செம்பனை, பால்மரம், கடலுன்னா லூமுட்டுக்குப் போனாத்தான் உண்டு. இங்க கப்பி, சண்டை மீனு, தங்க மீனு விக்கிற கடை இருக்கு, கடல் மீனுக்கு உப்பு வாங்கணும்னாகூட நா ஈப்போவுக்குத்தான் காடி எடுக்கணும். அதனாலதான் ஆன்லைன்ல தேடுனேன். மக மூணாம் ஆண்டு படிக்கிறா, பொறந்தநாளுக்குக் கடல் தொட்டி கேட்டா, மூணு அடி தொட்டி, உப்பு, டெஸ்ட் கிட்டு எல்லாம் ஓவர்டைம் காசுல கொஞ்சம் கொஞ்சமா சேத்து வாங்கி, தண்ணியில மீன கொல்ற அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் வர்ற வரைக்கும் ஆறு வாரம் காத்திருந்து, அப்பறம்தான் ரெண்டு கிளவுன் மீன எறக்குனேன். மீனு நல்லா இருந்துச்சு, சாப்டுச்சு, பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்தா உடுப்பு கூட மாத்தாம தொட்டி முன்னாடிதான் நிப்பா.

அப்பதான் இந்த ஆளுகிட்ட வாட்சப்புல பேசுனேன். என் தொட்டிக்கு ரெண்டு மாசம்தான் ஆவுது, லைட்டு சாதாரண எல்இடி, தண்ணிய குளுமையாக்குற சில்லர் இல்லன்னு எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னேன், அந்த சேட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. "பாஸ் ஒன்னும் பிரச்சன இல்ல, இது வளக்க லேசான வகை, அனிமோன் இல்லாட்டி கிளவுன் மீனு கவலையில செத்துரும் பாஸ்"னு சொன்னான். பிள்ள பக்கத்துல நின்னு கேட்டுகிட்டு இருந்தா. 180 வெள்ளி, போஸ்டுக்கு 25, அன்னைக்கே போட்டுட்டேன்.

அவன் சொன்னதுல ஒன்னுகூட உண்மை இல்ல. கிளவுன் மீனுக்குக் கடல்ல அனிமோன் வேணும், ஏன்னா அங்க கிளவுன் மீன தின்ன வர்ற மீனு இருக்கு. தொட்டியில அந்த பயம் கிடையாது, அனிமோன் இல்லாமயே வருஷக்கணக்கா வாழும், முட்டைகூட போடும். அதுலயும் எங்க வீட்டுல இருந்த ஒசல்லாரிஸ் வகை, கடல்ல மூணே வகை அனிமோன்லதான் குடியிருக்கும். அவன் வித்தது செபேன்னு கடையில சொல்றது, சரியான பேரு ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா, அது அந்த மூணுல இல்லவே இல்ல. தொட்டியில சில சமயம் மத்த வகையோடவும் சேந்துக்கும், ஆனா சேரும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது.

வியாழக்கிழமை அனுப்புனேன்னான், சனிக்கிழமை மத்தியானம் சாதாரண அட்டப் பெட்டியில வந்துச்சு. பொலிஸ்டரின் பெட்டி இல்ல, பையில இருந்த தண்ணி கை வச்சா சுடுது, அனிமோன் சுருண்டு ஒரு புளி உருண்ட அளவுக்குக் கெடக்கு, பைத் தண்ணி லேசா மஞ்சளா இருந்துச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். போட்டோ எடுத்து அனுப்புனேன், "பயணக் களைப்பு பாஸ், ரெண்டு நாள்ல விரியும்"னான். உயிரோட வந்துச்சுன்னா கேரண்டி கிடையாதாம், செத்து வந்தாத்தான் காசு திருப்புவானாம். இந்த வரிய நல்லா கவனிங்க. செத்துகிட்டு இருக்குற ஜீவன அனுப்பிட்டு, பெட்டி தொறக்குறப்ப மூச்சு இருந்தா அவன் பொறுப்பு முடிஞ்சிருது.

விரிஞ்சுச்சு, ஆனா வாயி எப்பவும் தொறந்தே இருந்துச்சு, கால் எதையும் ஒழுங்கா புடிக்கல. பாசார்ல எறா வாங்கி நகத்தளவு வெட்டி வச்சேன், வாங்கி வாங்கி துப்பிருச்சு. ஒரு வாரத்துல மஞ்சள் மங்க ஆரம்பிச்சது, ரெண்டாவது வாரத்துல நுனியெல்லாம் வெள்ள, பாத்திரம் தேய்க்கிற பழைய பஞ்சு மாதிரி. படத்த எடுத்துகிட்டு ஈப்போவுல நா உப்பு வாங்குற கடை தவுக்கேகிட்ட, அதான் முதலாளிகிட்ட காட்டுனேன். அவர் பாத்த உடனே, "இது சாயம், நல்ல அனிமோனுக்கு இந்தக் கலரு வராது"ன்னுட்டாரு. தெரிஞ்ச மனுஷன், பொய் சொல்லி அவருக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல.

அவர் சொன்னதையும் அப்பறம் நா படிச்சதையும் சேத்து சொல்றேன். இந்த செபே வகையோட நெசக் கலரு பழுப்பு, காப்பி, லேசான பச்ச, நுனியில ஊதா இருக்கலாம். அந்தப் பழுப்பு அதோட ஒடம்புக்குள்ள வாழுற சூசாந்தெல்லேங்கிற நுண்ணிய பாசியோடது. வெளிச்சத்துல அந்தப் பாசி சமைக்கிற சாப்பாட்டுலதான் அனிமோன் பெரும்பாலும் வாழுது. புடிக்கிறப்பவும் அனுப்புறப்பவும் படுற கஷ்டத்துல பாசி போயி அது வெள்ளையாகும், பட்டினி ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். வெள்ளைய யாரும் வாங்க மாட்டாங்கன்னு மஞ்சளு, ரோஸு, நீலத்துல முக்கி எடுக்குறாங்க. மிஞ்சுன பாசிக்கும் வெளிச்சம் ஒழுங்கா போகாது. பட்டினியில கெடக்குறதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு நம்ம தலையில கட்டுறானுங்க, எனக்கு காச விட இதுதான் வயிறு எரியுது.

கலரா இருக்குற எல்லாமே சாயம்னு சொல்லல. பபிள் டிப் வகையில ரோஸும் சிவப்பும் நெசமாவே உண்டு, கார்ப்பெட் வகையில நீலம், பச்ச, சிவப்பு எல்லாம் இயற்கையா வரும். கையி, வாயி இருக்குற தட்டு, தண்டுன்னு மொத்தமும் ஒரே டப்பாவுல முக்குன மாதிரி ஒரே கலரா இருந்தாத்தான் பயப்படணும்.

பதினேழாவது நாள் நா நைட் ஷிப்ட். அனிமோன் பிடிய விட்டு மிதந்து போயி, தண்ணியில அலை உண்டாக்குற வேவ்மேக்கர் விசிறியில மாட்டி துண்டு துண்டாயிருச்சு. காலையில ஏழரைக்கு கதவ தொறக்குறேன், வாசல்லயே அழுகுன வாட, தொட்டித் தண்ணி அரிசி கழுவுன தண்ணி மாதிரி. அனிமோன் செத்தா தண்ணிய விஷமாக்கும்னு கேள்விப்பட்டிருந்தேன், ஒரே ராத்திரியில இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. பக்கெட்ல கலக்கி வச்சிருந்த உப்புத் தண்ணி பாதித் தொட்டிக்கு வந்துச்சு, மாத்துனேன், அழுக்க உறிஞ்சுற கார்பன் போட்டேன், காத்துக் கல்லு ரெண்டு போட்டேன். பெரிய மீனு பொழைக்கல. சின்னது பொழைச்சிருச்சு. பிள்ள பசியாறாமயே பள்ளிக்கூடம் போனா.

வேவ்மேக்கருக்குப் பஞ்சு உறை போடாதது என் தப்பு, ரெண்டு மாசத் தொட்டியில அனிமோன் வச்சதும் என் தப்பு, ஆறு மாசமாவது தொட்டி ஓடி நின்னிருக்கணும். ஆனா இதுல எதையாவது அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா வாங்கியிருக்க மாட்டேன், அவனுக்கு அது தெரியும். திருப்பிக் கேட்டப்ப "உங்க தண்ணி சரியில்ல பாஸ்"னான். சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்ன எடுத்த டெஸ்ட் படம் அனுப்புனேன், அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்பு அளவு 1.025, கடல் தண்ணி மாதிரியே. அதுக்கு வந்த பதில், "அனிமோன் ஆயுசே மூணு மாசம்தான்". இது பச்சப் பொய். ஸ்காட்லாந்துல ஒருத்தர் 1828ல கடற்கரையில புடிச்ச அனிமோன் ஒன்னு, ஜாடியிலயே 1887 வரைக்கும் உயிரோட இருந்துச்சு, அவருக்குப் பின்னால ஒவ்வொருத்தரா கை மாத்தி வளத்திருக்காங்க. இத எழுதி அனுப்புனேன், பிளாக் பண்ணிட்டான்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போலாம்னு பாத்தேன், மலாய்ல திரிபுனால் துந்துத்தான் பெங்குனாம்பாங்க, 5 வெள்ளி கட்டுனா போதும், லாயர் தேவையில்ல. ஆனா பாரத்துல விக்கிறவன் பேரு, முகவரி எழுதணும். என்கிட்ட இருக்குறது ஒரு போன் நம்பரு, வேற யாரோ பேர்ல இருக்குற ஒரு பேங்க் அக்கவுண்டு. ஆன்லைன்ல விக்கிறவங்க பேரு, பதிவு நம்பரு, முகவரி எல்லாம் போட்டாகணும்னு நம்ம நாட்டுல விதியே இருக்கு, காசு போடுறதுக்கு முன்ன எஸ்எஸ்எம் நம்பர, அதான் வியாபாரப் பதிவு நம்பர கேட்டிருந்தா அவன் யோக்கியத அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

அதனால வாங்குறவங்க, அதே அனிமோன வெள்ள லைட்டுல வீடியோ கேளுங்க, நீல லைட்டுல எல்லாமே மின்னும். காலு கிழியாம இருக்கான்னு காட்டச் சொல்லுங்க, வாயி இறுக்கமா மூடியிருக்கணும், எறா குடுத்தா கையி ஒட்டி இழுத்து உள்ள வாங்கணும். சூட்டையும் யோசிங்க. எங்க வீட்டு ஜிங்க் கூரைக்குக் கீழ மத்தியானம் தண்ணி 31 டிகிரி வந்துரும், அனிமோனுக்கு 25, 26 வேணும். தண்ணி மேல காத்தாடி வச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், ஆனா தண்ணி வத்தி உப்பு ஏறிரும், தெனம் வடிகட்டுன நல்ல தண்ணியா ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தக்கூடாது. மீனுக்கு சீக்குன்னு செம்பு கலந்த மருந்து ஊத்துன தொட்டின்னா அனிமோன் பக்கமே போகாதீங்க, செம்பு அத கொன்னுரும்.

பொழைச்ச மீனு இப்ப ஒரு மண் பூச்சட்டிக்குள்ள குடியிருக்கு, ராத்திரி அதுக்குள்ளதான் தூங்குது, நல்லாத்தான் இருக்கு. அந்த அக்கா இத படிச்சா, காசு போட்டுறாதீங்கக்கா. யாருக்காவது சந்தேகம்னா விக்கிறவன் அனுப்புன வீடியோவ எனக்கு அனுப்புங்க, தவுக்கேகிட்டயும் காட்டிக் கேட்டு சொல்றேன், ஞாயித்துக்கிழம எப்படியும் ஈப்போ போறேன்.