கரண்ட் வைப்பதா, மாத்திரை மட்டும் போதுமா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த பிறகு கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பதா, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. வயது 65க்கு மேல், சிறிய கட்டி, அக்குளில் பரவல் இல்லை, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), மார்பை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுத்தாயிற்று. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். இளம் வயதென்றாலோ அக்குளில் பரவியிருந்தாலோ கணக்கு வேறு. அம்மாவுக்கு இரண்டும் சரிதான், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் டாக்டர். நாங்கள் கரண்ட் பக்கம் போனோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் மாத்திரைதான் ஜெயிக்கும். பிரிட்டனில் தொடங்கிய பிரைம் 2 ஆய்வில் 1,326 பெண்கள். 2023இல் வந்த பத்தாண்டு முடிவின்படி, உயிரோடு இருந்தவர்கள் கரண்ட் வைத்தவர்கள், வைக்காதவர்கள் என இரண்டு பக்கமும் ஏறக்குறைய 81 சதவீதம். அதே மார்பில் நோய் திரும்பியது கரண்ட் வைத்தவர்களில் 0.9 சதவீதம், வைக்காதவர்களில் 9.5. ஆயுள் கூடாது என்றால் எதற்கு இந்த அலைச்சல் என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த 9.5, ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டவர்களின் கணக்கு. கரண்டை விட்டவர்கள் மாத்திரையையும் பாதியில் விட்டால், திரும்ப வரும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. ஐந்து வருடம், தினமும் ஒன்று. லெட்ரோசோல் வகை மாத்திரை என்றால் மூட்டுவலி வரலாம், எலும்பு மெலியலாம்; கால்சியம், எலும்பு ஸ்கேன் என்று பின்னாலேயே செலவும் வரும். வலி தாங்காமல் நிறுத்திவிடுபவர்கள் நிறைய. அம்மா பிரஷர் மாத்திரையையே தலைசுற்றல் இல்லாத நாளில் "இன்னைக்கு வேண்டாம்" என்று ஒதுக்கி வைப்பவர். அவரை நம்பி ஐந்து வருடத்தை ஒப்படைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கரண்ட் அப்படியில்லை. முன்பு 25 நாள் வைத்தார்கள்; நாட்களைக் குறைத்துப் பார்த்த ஸ்டார்ட் பி என்ற ஆய்வுக்குப் பிறகு பல இடங்களில் 15 நாள், மூன்று வாரம். முடிந்தால் முடிந்தது. அம்மாவுக்குத் தோல் கறுத்தது, அசதி இருந்தது, போய்விட்டது. மாத்திரையும் கூடவே ஓடுகிறது. நாளைக்கு அவரே நிறுத்திவிட்டாலும் ஒரு காவல் ஏற்கெனவே போட்டாயிற்று.

அம்மாவுக்கு வலப்பக்கம். இடப்பக்கம் என்றால் இதயத்தின் மேல் கதிர் படாமலிருக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவமில்லை. தினமும் கூட்டிப்போக ஆளில்லாத, ஆனால் மாத்திரையை மணி பார்த்துப் போடுகிற 80 வயதுப் பெரியம்மா என்றால், நானே கரண்ட் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.